தலையா, தரையா? டென்னசி மாநிலத்துத் தொகுதி வழக்கு

தேர்தல் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன மேடைகளும், ஒலிபெருக்கிகளும், சுவரொட்டிகளும், வாக்குச்சாவடியின் முன்னே காலையிலேயே நீண்டு நிற்கும் வரிசைகளுமே. வாக்குச் சீட்டிற் புள்ளடி இடும் அந்த ஒரு கணத்திலே மக்கள் தம் விதியைத் தாமே எழுதுகின்றனர் என்று குடியியல் நூல்கள் கூறுகின்றன. கூற்றுப் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. அப்புள்ளடி விழுவதற்கு நெடுங்காலம் முன்னரே யாரோ சிலர் ஓர் அறையில் அமர்ந்து, நிலப்படத்தின்மீது கோடுகள் வரைந்திருப்பர். எந்தத் தெரு எந்தத் தொகுதியைச் சேரும், எத்தனை பேருக்கு ஓர் உறுப்பினர் என்பனவெல்லாம் அங்கே முடிவாகிவிடுகின்றன. வரிசையில் நிற்பவனுக்கு அது தெரிவதில்லை.

அக்கோடுகளின் வல்லமையை அறிய விரும்புவோருக்கு ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டென்னசி மாநிலத்தின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல பாடம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். குடியியல் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது வெள்ளை மாளிகையோடும் காங்கிரஸ் சபையோடும் நின்றுவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்களிற் பெரும்பாலானவை பிறக்குமிடம் மாநிலச் சட்டசபைகளே. பாடசாலை, வீதி, குற்றவியல் தண்டனை, தேர்தல் நடத்தும் முறை யாவும் அங்கேதான் ஆக்கப்படுகின்றன.

டென்னசியின் சட்டசபை இரண்டு மன்றங்கள் கொண்டது. கீழ்ச் சபையில் 99 உறுப்பினர். செனற் சபையில் 33 உறுப்பினர். மாநிலம் 95 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது நமது மாவட்டத்தைப் போன்றதொரு நிர்வாகப் பிரிவு என்று கொள்ளலாம். ஆனாற் பல கவுண்டிகள் அளவில் மிகச் சிறியவை. 1870ஆம் ஆண்டின் மாநில அரசியல் யாப்பு இது குறித்துத் தெளிவாகவே பேசுகிறது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தகுதிபெற்ற வாக்காளரைக் கணக்கெடுக்கவேண்டும். அக்கணக்கின்படி இரு சபைகளின் ஆசனங்களையும் கவுண்டிகளுக்கும் தொகுதிகளுக்கும் பங்கிடவேண்டும். இதில் மயக்கத்துக்கு இடமே இல்லை.

1901ஆம் ஆண்டு சட்டசபை ஆசனங்களைப் பங்கிட்டது. அதன் பின்னர் அறுபது ஆண்டுகள் பங்கிடவேயில்லை.

1911, 1921, 1931 என்று பத்தாண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ஆசனங்களை மறுபங்கீடு செய்யவேண்டுமென்று கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் யாவும் சபையிலேயே மாண்டன. ஏன் மாண்டன என்பதை அறிய அரசியல் மேதையாக இருக்கவேண்டியதில்லை. மறுபங்கீடு நடந்தாற் கிராமப்புறக் கவுண்டிகளின் ஆசனங்கள் குறையும். மெம்பிஸ், நாஷ்வில், நொக்ஸ்வில், சற்றனூகா ஆகிய நகரங்களின் ஆசனங்கள் கூடும். தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுமாறு ஒருவனிடம் கோடரியைக் கொடுத்தால், அவன் கோடரியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பான். டென்னசி உறுப்பினர்களும் அதையே செய்தனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த 19ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வேண்டியிருந்த கடைசி மாநிலத்தின் சம்மதம் டென்னசியிலிருந்தே வந்தது. 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், ஹரி பேர்ண் என்னும் 24 வயது உறுப்பினர், தம் தாயார் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பார் என்று யாவரும் எண்ணியிருந்த வேளையில் ஆதரித்து வாக்களித்தார். அந்த ஒரு வாக்கினால் ஒரு நாட்டின் பெண்குலம் வாக்குரிமை பெற்றது. அதே டென்னசியின் தொகுதிப் பங்கீடோ, பெண்கள் வாக்காளராக இல்லாத 1901ஆம் ஆண்டுக்கு உரியது. உரிமை வந்துவிட்டது, பங்கீடு மட்டும் பாட்டனார் காலத்திலேயே நின்றது.

எண்களைச் சற்று நோக்குவோம். 1901இற் பங்கிட்டபோது மாநிலத்தின் சனத்தொகை 2,020,616. அவருள் வாக்களிக்கத் தகுதிபெற்றோர் 487,380 பேர். 1960இற் சனத்தொகை 3,567,089. தகுதிபெற்றோர் 2,092,891 பேர். வாக்காளர் தொகை நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகிற்று. பெருகியோர் எல்லா இடத்தும் சமமாகப் பெருகவில்லை. உழவை விட்டுத் தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றனர். கோடுகள் அவர்களோடு செல்லவில்லை. இறுதியில், வாக்காளரில் ஏறத்தாழ 37 வீதத்தினர் செனற் சபையின் 33 பேரில் 20 பேரைத் தெரிந்தனர். 40 வீதத்தினர் கீழ்ச் சபையின் 99 பேரில் 63 பேரைத் தெரிந்தனர். சிறுபான்மை ஒன்று பெரும்பான்மையை ஆள்வதற்குப் படையும் வேண்டியதில்லை, புரட்சியும் வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாதிருந்தாலே போதும் என்பதை டென்னசி உலகுக்குக் காட்டிற்று. வீதிகளுக்கும் பாடசாலைகளுக்கும் உரிய வரிப்பணமும் நகரங்களுக்குப் பாதகமாகவே பங்கிடப்படுகிறதென்று நகரத்தார் முறையிட்டனர்.

முறையீட்டை யாரிடம் கொண்டுசெல்வது? சட்டசபையிடமா? வேலியே பயிரை மேயும்போது வேலியிடம் முறையிட்டுப் பயனென்ன? மக்கள் நேரடியாகச் சட்டம் பிரேரிக்கும் முறையும், மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பைக் கோரும் முறையும் சில அமெரிக்க மாநிலங்களில் உண்டு; டென்னசியில் அவை இல்லை. யாப்பைத் திருத்துவதற்கும் அதே சட்டசபையின் வாயில் வழியாகவே செல்லவேண்டும். எஞ்சியிருந்தது நீதிமன்றம் ஒன்றே.

முதலில் மாநில நீதிமன்றத்தை நாடினர். 1956இல் மாநில உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தருக்கவியல் மாணவர் படித்துப் பார்க்கவேண்டிய ஒன்று. 1901ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென்று தீர்த்தால், அச்சட்டத்தின்கீழ்த் தெரிவான சட்டசபையும் இல்லாதொழியும். சட்டசபை இல்லாவிடிற் புதிய பங்கீட்டுச் சட்டத்தை ஆக்குவது யார்? ஆதலாற் பழையதே நிற்கட்டும் என்றது நீதிமன்றம். தவறு மிகவும் முற்றிவிட்டபடியால் அதைத் திருத்த இயலாது என்பதே இதன் சாரம். அறிஞர்கள் நிறைந்த மன்றங்கள் சிலவேளை இத்தகைய முடிவுகளுக்கும் வந்து சேர்கின்றன.

1959இல் மெம்பிஸ் நகரைக் கொண்ட ஷெல்பி கவுண்டியைச் சேர்ந்த சாள்ஸ் பேக்கர் என்பவரும் வேறு சிலரும் மத்திய அரசின் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தனர். பேக்கர், மெம்பிஸுக்கு அண்மையிலுள்ள மில்லிங்ரன் என்னும் சிற்றூரின் முதல்வராக இருந்தவர். எதிர்வழக்காளியாகப் பெயர் பெற்ற ஜோ கார், தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர். கோடு வரைந்தவர் அவரல்லர். பதவியில் இருந்த காரணத்தால் வழக்கின் பெயரில் அழியாது நிலைத்துவிட்டார். நாஷ்வில் மாநகர முதல்வர் பென் வெஸ்ற் அவர்களும், நொக்ஸ்வில், சற்றனூகா நகரங்களும் வழக்காளிகளோடு இணைந்துகொண்டனர். விசாரித்த நீதிபதிகள் மூவரும், இது கேடுதான், காலதாமதமின்றித் திருத்தப்படவேண்டியதுதான், ஆயின் திருத்துவது எமது வேலையன்று என்று கூறி வழக்கைத் தள்ளினர்.

அவர்கள் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. 1946இல் இலினோய் மாநிலத்துத் தொகுதிகள் பற்றிய வழக்கொன்றில் நீதியரசர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர், நீதிமன்றங்கள் இந்த அரசியல் முட்புதருக்குள் காலெடுத்து வைக்கலாகாது என்று எழுதியிருந்தார். பிராங்க்பர்ட்டர் சாமானியரல்லர், பேரறிஞர், பேராசிரியராக இருந்து நீதியரசரானவர். நீதிமன்றத்துக்கு வாளுமில்லை, பணப்பையுமில்லை; மக்கள் அதன்மீது வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றே அதன் செல்வம்; கட்சிச் சண்டையில் இறங்கினால் அச்செல்வம் கரைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை எள்ளி நகையாட நான் தயாரில்லை. பிற்காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோர் எவரும் அதனை எளிதிற் புறந்தள்ளமாட்டார். ஆனால் மக்களின் மனச்சாட்சி விழித்தெழுந்து பிரதிநிதிகளின் மனச்சாட்சியைச் சுடவேண்டும், பரிகாரம் அவ்வழியே வரவேண்டும் என்று அவர் சொன்னபோது ஒன்றை மறந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. டென்னசியில் விழித்தெழ வேண்டியிருந்த மக்களின் குரல்தானே நெரிக்கப்பட்டிருந்தது? பெரும்பான்மையினர் விழித்தெழுந்து வாக்களித்தாலும் 33இல் 13 ஆசனங்கள்தாமே அவர்கள் கைக்கு எட்டின?

வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, 1961 ஏப்ரலில் ஒருமுறையும் ஒக்டோபரில் மறுமுறையும் வாதிக்கப்பட்டது. மன்றம் இரண்டுபட்டு நின்றது. நடுவே நின்ற நீதியரசர் விட்டேக்கர், இருபக்கத்தாரின் இழுபறியும் வேலைப்பளுவும் தாங்காது உடலும் உள்ளமும் நொந்து, தீர்ப்பிற் பங்குகொள்ளாமலே ஒதுங்கி, பதவியையும் துறந்தார். வெறும் எண்கணக்குப் பற்றிய வழக்கொன்று மனிதர் ஒருவரை இவ்வாறு உடைத்துவிட்டதை எண்ணும்போது, அதன் பாரம் விளங்குகிறது. 1962 மார்ச் 26ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அறுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். நீதியரசர் பிரெனன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, டென்னசியின் பங்கீடு நீதியானதா அன்றா என்று கூறவில்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்னும் 14ஆவது திருத்தத்தின்கீழ் இத்தகைய முறையீட்டைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று மட்டுமே கூறிற்று. அறுபதாண்டுகளாகத் தாழிடப்பட்டிருந்த கதவு திறந்தது. நீதியரசர் கிளார்க் மட்டும் தம் தனித் தீர்ப்பிலே கணக்கையும் பார்த்துவிட்டு, இதில் ஓர் ஒழுங்குமில்லை, இது கண்டபடி ஒட்டுப்போட்ட கந்தல் போர்வை என்னும் கருத்தை வெளியிட்டார். பிராங்க்பர்ட்டர் நீண்டதொரு மறுப்புரை எழுதினார். அதுவே அவருடைய பெரும் மறுப்புரைகளிற் கடைசியாயிற்று. அடுத்த மாதமே நோயுற்று வீழ்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் ஓய்வுபெற்றார்.

கதவு திறந்ததும் மற்றைய மாநிலத்தாரும் உள்ளே நுழைந்தனர். அவற்றுள் அலபாமா வழக்கு குறிப்பிடத்தக்கது. அங்கும் 1901க்குப் பின் மறுபங்கீடு நிகழவில்லை. 634,864 மக்கள் வாழ்ந்த ஜெபர்சன் கவுண்டிக்கு ஒரு செனற்றர். 15,417 மக்கள் வாழ்ந்த லவுண்ட்ஸ் கவுண்டிக்கும் ஒரு செனற்றர். ஒன்றுக்கு 41 என்ற வேற்றுமை! 1964 யூன் 15ஆம் நாள் பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன், மாநிலச் சட்டசபையின் இரு மன்றங்களும் சனத்தொகையின்படியே அமையவேண்டும் என்று தீர்ப்பளித்தார். உறுப்பினர்கள் மனிதருக்கே பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்லர் என்பது அவருடைய வாசகத்தின் கருத்து. இதே வாரன் 1948இற் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தபோது, அம்மாநிலச் செனற் சபையைச் சனத்தொகைப்படி மாற்றியமைக்கும் யோசனையை எதிர்த்தவர். இலட்சக்கணக்கானோர் வாழும் லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கு ஒரே ஒரு செனற்றர் இருந்த காலம் அது. ஆசனம் மாறியபோது அவருக்குக் காட்சியும் மாறிற்று. தாம் பிரதம நீதியரசராயிருந்த காலத்து வழக்குகளுள் டென்னசி வழக்கே தலையாயது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

தலையா, தரையா என்னும் இவ்வினாவுக்கு இலங்கை வாசகர் இவ்வளவு விரைவாக விடைசொல்ல இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். சோல்பரி யாப்பின்படி 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுரமைல் நிலத்துக்கு ஓர் ஆசனமும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் கணக்கிடப்பட்டது. மக்கள் செறிவு குறைந்த வடக்கு, கிழக்கு முதலிய மாகாணங்களில் வாழும் சிறுபான்மையினர் முற்றாக அமுங்கிவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. டென்னசியிலே ஆதிக்கத்தின் கேடயமாக இருந்த தரை, இங்கே நலிந்தோரின் கேடயமாகக் கருதப்பட்டது. ஆயினும் தலைக்கணக்கிலும் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வாக்கிழந்தனர். ஆனாற் தொகுதிகளை நிர்ணயித்தபோது அவர்தம் தலைகள் எண்ணப்பட்டன. அவர்களை எண்ணிக் கிடைத்த ஆசனங்களுக்கு அவர்கள் வாக்களிக்க முடியாது, வேறொருவர் வாக்களித்தார். 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவரும்வரை தொகுதிவாரித் தேர்தல் இக்கணக்கோடுதான் நடந்தது.

டென்னசியிலும் இதே காட்சியைக் காணலாம். ஷெல்பி கவுண்டிக்குக் கிழக்கே பயெற் என்றொரு கவுண்டி உண்டு. பருத்தி விளையும் பூமி. மக்களிற் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். நிலமோ வெள்ளையர் கையில். 1959இல் அம்மக்கள் வாக்காளராகப் பதியத் தொடங்கினர். பதிந்தவர்களின் பெயர்கள் நிலச் சொந்தக்காரரின் கைக்குச் சென்றன. கடைகளில் அவர்களுக்குச் சாமான் விற்க மறுத்தனர். 1960ஆம் ஆண்டின் இறுதியில், தலைமுறை தலைமுறையாக வாரத்துக்கு உழுத குடும்பங்கள் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. கறுப்பினத்தவர் ஒருவரின் காணியிலே படங்குக் கூடாரங்களை அடித்து, மார்கழிக் குளிரிலே பிள்ளைகுட்டிகளோடு அவர்கள் தங்கினர். ‘கூடார நகர்’ என்று அவ்விடம் பெயர் பெற்றது. உயர் நீதிமன்றத்திலே 37 வீதம், 40 வீதம் என்று நியாயவாதிகள் வாதிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அங்கே ஒரு வாக்கின் விலை ஒரு வீடாக இருந்தது. தொகுதி வழக்கைப் பற்றி எழுதுவோர் பலர் இக்கூடாரங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்பது என் குறை.

தீர்ப்பின் பயன் விரைவிலேயே தெரிந்தது. மெம்பிஸ் நகரின் நியாயவாதி ஏ. டபிள்யூ. வில்லிஸ் 1964இல் டென்னசி கீழ்ச் சபைக்குத் தெரிவானார். 19ஆம் நூற்றாண்டின் பின்னர் அச்சபையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. நாடெங்கும் நகரங்கள் தம் பங்கைப் பெற்றன. இதனை முறியடிக்க யாப்பைத் திருத்தவேண்டுமென்று செனற்றர் டேர்க்சன் என்பார் இருமுறை முயன்று தோற்றார், அதற்கென ஒரு மகாநாட்டைக் கூட்டுமாறு 33 மாநிலங்கள் கோரிக்கை விடுத்தன, 34 தேவைப்பட்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனாற் கோடு வரைவோர் வேறொரு வித்தையையும் அறிவர். 1812இல் மசசூசெற்ஸ் மாநிலத்து ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி தம் கட்சிக்கு வாய்ப்பாக அமைந்த தொகுதிப் பங்கீடொன்றுக்கு ஒப்பமிட்டார். அதில் ஒரு தொகுதி பல்லிபோல் வளைந்து கிடந்ததைக் கண்ட பத்திரிகையொன்று அதற்குச் சிறகும் நகமும் வரைந்து கேலிச்சித்திரம் வெளியிட்டது. அன்றுதொட்டு அவர் பெயராலேயே அவ்வித்தை வழங்கப்படுகிறது. தொகுதிகள் யாவும் தலைக்கணக்கிற் சமமாகவே இருக்கலாம். எதிர்க்கட்சியாரை ஒரே தொகுதியில் அடைத்து வாக்குகளை வீணாக்கலாம்; அல்லது பல தொகுதிகளிற் சிதறடித்து எங்கும் சிறுபான்மையாக்கலாம். எண்ணிற் குற்றம் காணமுடியாது, வடிவிலேதான் நஞ்சு.

2022இல் டென்னசிச் சட்டசபை, காங்கிரஸ் சபைத் தொகுதிகளை மறுபடி வரைந்தது. அதுவரை ஒரே தொகுதியாக இருந்த நாஷ்வில் நகரை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அயலிலுள்ள கிராமப்புறத்தோடு ஒட்டிற்று. நீண்டகாலம் அந்நகரின் பிரதிநிதியாயிருந்த சனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜிம் கூப்பர், இனி வெல்ல வழியில்லையென்று போட்டியிடாது விலகினார். அவ்வாண்டுத் தேர்தலில் மூன்று தொகுதிகளும் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தன. அறுபதாண்டுகளுக்கு முன் எந்த நாஷ்வில் நகரம் தன் பங்கு குறைந்ததென்று வழக்காடி வென்றதோ, அதே நகரம், சமமான மூன்று துண்டுகளாகி, தன் குரலை இழந்தது. இம்முறை நீதிமன்றக் கதவைத் தட்டவும் வழி குறுகியிருந்தது; கட்சி இலாபத்துக்காகத் தொகுதி வரைதல் மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க வினாவன்று என்று 2019 யூனில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவு செய்திருந்தது. பிராங்க்பர்ட்டரின் முட்புதர் மறுபடியும் தளிர்த்தது எனலாம். 1962இன் தீர்ப்பு எண்ணைக் காத்தது; வடிவைக் காக்க அதனால் இயலவில்லை.

2023இல் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் நாஷ்வில் நகரப் பாடசாலையொன்றில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியோரும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று கீழ்ச் சபையிலே குரலெழுப்பிச் சபையின் அலுவலைத் தடைசெய்தனர் என்பதற்காக, ஏப்ரல் 6ஆம் நாள் நாஷ்வில் உறுப்பினர் ஜஸ்ரின் ஜோன்ஸ், மெம்பிஸ் உறுப்பினர் ஜஸ்ரின் பியர்சன் ஆகிய கறுப்பின இளைஞர் இருவரையும் சபை விலக்கிற்று. அவர்களோடு நின்ற வெள்ளையினப் பெண் உறுப்பினர் குளோரியா ஜோன்சன் ஒரே ஒரு வாக்கினால் தப்பினார். அன்றைய சனத்தொகைக் கணக்கின்படி கீழ்ச் சபைத் தொகுதி ஒன்றில் ஏறத்தாழ 70,000 பேர். ஆகவே ஒரு பிற்பகலிலே 140,000 பேர் சபையிற் குரலற்றவராயினர்.

வெற்றிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் உரிமை உள்ளூர் மன்றங்களுக்கே இருந்தது. நான்காம் நாள் நாஷ்வில் மாநகர மன்றம் ஜோன்சையும், ஆறாம் நாள் ஷெல்பி கவுண்டி ஆணைக்குழு பியர்சனையும் அதே ஆசனங்களுக்குத் திருப்பி அனுப்பின. ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் அத்தொகுதி மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து இருவரையும் மறுபடி தெரிந்தனர்.